மேல போச்சு

பாண்டிச்செல்வி ஒரு வெள்ளைக்காரரை நடுரோட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டாளாம். திருநகரில் இருக்கும் என் நாத்தனார் தங்கப்பொண்ணு சொன்னாள். அவளுக்குச் சொன்னது பியூட்டி பார்லர் நடத்தும் ஒரு பெண். அந்தப் பெண்ணுக்குச் சொன்னது யாரென்று தங்கப்பொண்ணுக்குத் தெரியவில்லை.

"தெப்பக்குளத்துப் பக்கம் விட்டுட்டு, இது பாட்டுக்கு மூணு மைல் போயிருச்சாம். அந்தாளு வெயில்ல அழுதுக்கிட்டே நின்னானாம். அவள நம்பியா பிள்ளைய அனுப்பப் போறீக மதினி?"

"நானும் கூடத்தான போறேன்" என்றேன்.

"நீங்க போயி?" என்று கேட்டுவிட்டு அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

பிள்ளை என்று அவள் சொன்னது என் மகள் மித்ராவை. ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவள், இருபது முடிந்துவிட்டது. ஒன்பது வயதிலிருந்து அவளுக்குச் சர்க்கரை, தினமும் இன்சுலின். கையில் பொத்தான் அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். அது அவள் போனுக்குச் சொல்லும், அவள் போன் என் போனுக்குச் சொல்லும். அவளுக்குப் பிடிக்காத ஏற்பாடு. எனக்கோ அது இல்லாமல் தூக்கம் வராது. சர்க்கரை ஏறுவதைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. இறங்குவதுதான் பயம். எழுபதுக்குக் கீழே போனால் கை நடுங்கும், பேச்சு குழறும், எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். அந்த நேரத்தில் ஒரு டப்பா ஜூஸ் உள்ளே போய்விட்டால் கால் மணி நேரத்தில் சரியாகிவிடுவாள். போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஸ்கூட்டரில் ஊர் பார்க்கும் பித்து அவளுக்குப் புதுச்சேரியில் பிடித்தது. போன வருடம் அங்கே ஒரு வழிகாட்டியின் பின்னால் ஆறு வண்டிகளாகச் சுற்றினோம். கடல் ஒரு பக்கமாகவே இருந்ததால் அங்கே யாரும் தொலையவில்லை. வழி தவறினால் கடலைப் பார்த்து வந்தால் போதும். மதுரையிலும் அப்படி ஒன்று இருக்கிறது என்று இணையத்தில் கண்டுபிடித்தவளும் அவள்தான்.

நடத்துகிறவர் முபீன். பழைய ஊருக்குள் ஹெல்மெட் கடை வைத்திருக்கும் குடும்பம். காலையில் கடை வாசலில் எங்கள் இருவருக்கும் இரண்டு வெள்ளை ஸ்கூட்டர்களைத் துடைத்து நிறுத்தியிருந்தார்.

"செல்விக்கா முன்வண்டி. அவங்க பின்னாடியே போனாப் போதும். கடைசில தௌஹீத்னு ஒருத்தன் வரணும், இன்னைக்கு அவன் அக்கா வீட்ல நிக்காஹ், வரல. ரெண்டே வண்டிதானே, பரவால்ல."

பிறகு பாண்டிச்செல்வியின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "கண்ணாடி" என்றார்.

"பாத்துக்கிட்டேதேன் போவேன் பாய். நீங்க ஒண்ணு."

நாற்பதை ஒட்டிய வயது. சுடிதாரின் மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, கழுத்தில் ஆரஞ்சு நிறத் துண்டு. பின்னால் வருகிறவர்கள் கூட்டத்தில் தேடிக் கண்டுபிடிக்க அந்தத் துண்டு. எங்களைப் பார்த்ததும் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "ஐ கோ, யூ பாலோ. லெப்ட், ரைட், ஸ்டாப். ஒன்லி திஸ் த்ரீ." அடுத்தது, போன். "போன் டிக்கிக்குள்ள. ஓட்டுறப்ப கையில போன் பாத்தேன், அங்கனயே எறக்கி விட்டுருவேன்." அது தமிழில் வந்தது. மித்ரா சிரித்தபடி போனை டிக்கிக்குள் போட்டாள். உட்கார்ந்திருக்கும் இருக்கைக்கு அடியில்தானே, சென்சாருக்கு எட்டும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மகாலில் எத்தனை தூண் என்று மித்ரா கேட்டதற்கு அவள் ஒரு எண் சொன்னாள். அதையே நான் கேட்டபோது வேறு எண் சொன்னாள். "முந்தி வேற சொன்னீங்களே" என்றேன்.

"யாருக்கா எண்ணிப் பாக்கப் போறா? எண்ணுனவன் எவனும் திரும்பி வந்து சண்ட போட்டதில்ல."

தெப்பக்குளக் கரையில் டீ குடித்தோம். என்னால் அடக்க முடியவில்லை. வெள்ளைக்காரரைப் பற்றிக் கேட்டேவிட்டேன்.

அவள் டீயை ஆற்றிக்கொண்டே, "இங்கனதேன்" என்றாள். "அந்தா அந்தக் கடைட்ட. அவரு ஆட்டுக்குட்டிய போட்டோ எடுக்க நின்னுட்டாரு. நான் கண்ணாடில பாக்கல. வண்டி சத்தம் கேட்டுச்சு, அவரு வண்டின்னு நெனச்சுக்கிட்டேன், அது பால்காரரு. காமராசர் சால முக்குல திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். பத்து நிமிசத்துல வந்து கூட்டிக்கிட்டேன். அழுகல்லாம் இல்ல. எளநி குடிச்சுக்கிட்டு நின்னாரு." டம்ளரைக் கீழே வைத்தாள். "ஆனா என் தப்புத்தேன். பாய் என்னையப் பின்வண்டில போட்டுட்டாரு. எட்டு மாசம் அந்த தௌஹீத் பய முதுகப் பாத்துக்கிட்டே ஓட்டுனேன். இன்னைக்குத்தேன் திரும்ப முன்வண்டி. இன்னொருக்க யாரையாச்சும் விட்டேன்னா அம்புட்டுத்தேன்னு சொல்லிட்டாரு."

பின்வண்டியிலும் வேலை இருக்கிறதே என்றேன்.

"இருக்கு. ஆனா அங்க பேச ஆளு இல்லையேக்கா. நான் பேசாம இருந்தா செத்துப்போவேன்."

அவளுடைய அம்மா முனியாயி நாற்று நடப் போனவர். வரிசையில் முன்னால் நின்று பாட்டெடுக்கிற ஆள் அவர்தானாம், மற்றவர்கள் பின்பாட்டு. "எங்கம்மாவுக்கு நாத்துக் கட்டு. எனக்கு வண்டி ஆரன்" என்றாள். பிளஸ் டூவோடு படிப்பு நின்றது. கல்யாணம் நடந்து, நிலைக்கவில்லை. ஊரடங்கு நேரத்தில் ஒரு மருந்துக் கடைக்காக வீடு வீடாக மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் மாசி வீதிகளுக்கு நடுவில் இருக்கும் சந்துகள் எல்லாம் பழகின. ஒருநாள் மாட்டுவண்டியும் லாரியும் மோதி அடைத்து நின்ற ஒரு சந்தில், பின்னால் சிக்கிய பதினைந்து பைக்குகளை இவள் சத்தம் போட்டே ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டாள். அந்தப் பதினைந்தில் ஒன்று முபீனுடையது.

"உங்களுக்குச் சொந்த ஊரு?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் தயாராக ஒரு பதில் வைத்திருப்போம். "திருநகர்."

"திருநகருங்கறது வீடு. ஊரு?"

தயங்கினேன். பிறகு என் கணவர் பீமாராவின் பெயரையும் அவர் ஊரையும் சொன்னேன். வடிவேல்கரைக்கு அந்தப் பக்கம். அந்த ஊரில் எந்தத் தெரு என்று அவள் கேட்கவில்லை. கணவரின் பெயரிலேயே அது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"அப்ப நம்ம பக்கந்தேன். சொல்லக் கூடாதாக்கா? நான் பாட்டுக்கு லெப்ட்டு ரைட்டுன்னு வாய் வலிக்கக் கத்திக்கிட்டு வாரேன்." மித்ராவின் தலையைத் தட்டினாள். "பாப்பாவுக்குத் தமிழ் வருமில்ல?"

"நல்லா வரும்" என்றாள் மித்ரா.

அங்கிருந்து லெப்ட்டும் ரைட்டும் போய்விட்டன. "கெழக்க பாத்துத் திரும்பு", "தெக்கத்தி ஓரமா வா" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. மித்ராவுக்குப் பாதி புரியாவிட்டாலும் துண்டைப் பார்த்து ஓட்டினாள். எனக்கு மனசு இளகியிருந்தது. தோள் வலிக்கிறது என்று மித்ரா தன் பையைக் கழற்றி என் டிக்கிக்குள் போட்டபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜூஸ், குளுக்கோஸ் மாத்திரை, ஊசி எல்லாம் அந்தப் பைக்குள்தான். நான்தான் பின்னாலேயே போகிறேனே.

நாகமலை புதுக்கோட்டை தாண்டும் முன் என் பின்சக்கரம் இறங்கியது.

பஞ்சர் கடைக்காரர் டியூபைக் கழற்றி, வால்வ் கிழிந்திருக்கிறது, மாற்ற வேண்டும், ஆள் போய் வாங்கி வர வேண்டும் என்றார். பங்குனி வெயில். கடையின் தகரக் கொட்டகைக்குக் கீழே இரண்டு பேருக்குத்தான் நிழல். மித்ரா ஐந்து நிமிடம் நின்றாள், பத்து நிமிடம் நின்றாள். முன்னால் போய் நிழலில் இருக்கட்டுமா என்று கேட்டாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் பாண்டிச்செல்வி சொல்லிவிட்டாள்.

"போட்டும்க்கா, ஒரே ரோடு. பாப்பா, இங்க பாரு. நேரா போனா கீழக்குயில்குடி. மலைக்கு அடியில அய்யனார் கோயில் வரும். இன்னைக்கு காதுகுத்து, கூட்டமாக் கெடக்கும். அங்கன நிக்காத. அப்பிடியே மேல போயி இரு. மலையில சாமி செதுக்கியிருக்கும், நெழலு இருக்கும். நாங்க வாரோம்."

"ஓகே. மேல" என்றாள் மித்ரா. வெள்ளை ஹெல்மெட் வளைவில் மறைந்தது.

எட்டாம் வகுப்புவரை தமிழிலும் அதன் பிறகு ஜெர்மன் மொழியிலும் படித்தவள் நான். அந்த இடத்தில் நின்றுகொண்டு அந்த வாக்கியத்தை முழுதாகக் கேட்டவள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

டியூப் வர நேரமாயிற்று. போனைப் பார்த்தேன். 104, அம்புக்குறி சாய்வாகக் கீழே. பரவாயில்லை. சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தார்கள். 88, அம்புக்குறி நேராகக் கீழே. கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருப்பாள், போன் டிக்கிக்குள் இருக்கும். அடுத்து எண்ணே வரவில்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும், சென்சாரிலிருந்து தகவல் இல்லை என்று.

"செல்வி, சிக்னல் போயிடுச்சு."

"மலையடில டவர் எடுக்காதுக்கா."

"போன் அடிக்குது. டவர் இருக்கு. போனும் அவளும் ஒரே இடத்துல இல்லன்னு அர்த்தம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதுவரை மித்ராவின் சர்க்கரையைப் பற்றி அவளுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. அப்போதுதான் சொன்னேன், இரண்டே வாக்கியத்தில். கடைக்காரர் கடைசி நட்டை முறுக்குவதற்குள் அவள் தன் வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

கீழக்குயில்குடியில் கோயில் வாசலை ஒட்டி நாற்பது ஐம்பது பைக்குகள் நெருக்கியடித்து நின்றன. ஒலிபெருக்கி அலறியது. தாமரைக் குளத்தின் ஓரமாக ஒருவர் கம்பை ஊன்றிக்கொண்டு ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். பாண்டிச்செல்வி வண்டியை நிறுத்தாமலே கத்தினாள்.

"பேயாண்டிண்ணே, வெள்ள ஹெல்மெட்டு போட்டு ஒரு பொண்ணு வந்துச்சா?"

"வந்துச்சு தாயி. மேல போச்சு."

"எம்புட்டு நேரம்?"

"அது ஆச்சு."

அவள் முகம் தெளிந்தது. "சொன்னேன்லக்கா. செட்டிப்புடவுலதேன் இருப்பா."

செட்டிப்புடவு மலையின் இன்னொரு பக்கம், மேற்கே. மண் பாதையில் போய்ச் சேர்ந்தோம். குகை வாயில், உள்ளே பாறையில் பெரிய சிற்பம், கம்பிக் கதவு, நிழல். ஆள் இல்லை, வண்டி இல்லை. மண்ணில் எங்கள் சக்கரத் தடத்தைத் தவிர வேறு புதிய தடமும் இல்லை.

"தாண்டிப் போயிருக்கும்" என்றாள் பாண்டிச்செல்வி. "நான் மேல போன்னு சொன்னேன்ல, மேலக்குயில்குடின்னு போர்டு பாத்திருக்கும். அதுக்குள்ள போயிருக்கும்."

மேலக்குயில்குடிக்குப் போனோம். குழாயடியில் பெண்கள். இல்லை, அப்படி யாரும் வரவில்லை. டீக்கடை. இல்லை. நான் மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மணி அடிக்கிறது, அடித்து ஓய்கிறது. ஏதாவது ஒரு வரப்பில் வண்டியோடு சாய்ந்து கிடக்கிறாள் என்பதுதான் என் கண்ணில். எழுபது, அறுபது, ஐம்பது என்று என் தலைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. போனில் அந்தக் கோடு மட்டும்தான்.

பாண்டிச்செல்வி முபீனைக் கூப்பிட்டாள். யாரும் அவளைக் கூப்பிடச் சொல்லவில்லை. "பாய், பிள்ளையக் காணோம். தனியா அனுப்புனது நான்தேன். சுகர் பேஷண்டு. நிக்காஹ் நடந்தாலும் பரவால்ல, தௌஹீத வரச் சொல்லுங்க, நீங்களும் வாங்க." அந்தப் பக்கம் ஏதோ சத்தம். "அத அப்பறம் பேசுவம் பாய்" என்று வைத்துவிட்டாள்.

"அந்த வெள்ளைக்காரரையும் இப்படித்தான் விட்டீங்களா?" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆரஞ்சுத் துண்டை உருவி முகத்தைத் துடைத்தாள். "இன்னொருக்க சொல்லுங்கக்கா. நான் என்ன சொன்னேன் பாப்பாட்ட? அப்பிடியே சொல்லுங்க."

சொன்னேன். கோயில்ல நிக்காத. அப்படியே மேல போய் இரு. மலையில சாமி செதுக்கியிருக்கும்.

சொல்லும்போதே எங்கள் வீடு ஞாபகம் வந்தது. சமையலறையிலிருந்து நான் தினமும் அவளிடம் சொல்வது. சாப்டாச்சுன்னா மேல போய் படி. மேல போய் துணிய எடுத்துட்டு வா. அவள் அறை மாடியில்.

"செல்வி, அவளுக்கு மேலன்னா மேற்கு இல்ல" என்றேன். "மேலன்னா மேல. மாடி."

அவள் கழுத்தைத் திருப்பி மலையின் உச்சியைப் பார்த்தாள். வெறும் பாறை. ஒரு மரம் இல்லை.

திரும்பி வந்த வேகத்தில் நான் எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. குளத்தடியில் பேயாண்டி அதே இடத்தில் நின்றார்.

"ஏண்ணே, மேல போச்சுன்னா மேக்க போச்சுன்னு நெனச்சேண்ணே."

"மேக்க போனா மேக்க போச்சுன்னு சொல்ல மாட்டேனா? படி ஏறிப் போச்சு. மலைக்கு."

காதுகுத்துக்கு வந்த பைக்குகளுக்கு நடுவில், யாரோ ஒருவருடைய புல்லட்டுக்கு மறைவில் வெள்ளை ஸ்கூட்டர் நின்றது. அதன் டிக்கிக்குள்தான் என் மகளின் போன்.

பாண்டிச்செல்வி என் டிக்கியைத் திறந்து பையிலிருந்து இரண்டு ஜூஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினாள். வழுக்கும் என்று செருப்பைப் படியடியிலேயே உதறிவிட்டாள். சாவி வெள்ளை ஸ்கூட்டரிலேயே தொங்கியது; மித்ராவின் போனையும் அவள் பையையும் எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஏறினேன். பாறையில் வெட்டிய படிகள், பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. கம்பி கையைச் சுட்டது. கீழே ஒலிபெருக்கியில் யாரோ மொய் எழுதியவர்களின் பெயரை வாசித்துக்கொண்டிருந்தார். மேலே அவள் குரல் கேட்டது. "பாப்பா. ஏ பாப்பா." பதில் கேட்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மித்ரா பேச்சிப்பள்ளம் என்கிற இடத்தில் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையாகச் செதுக்கிய சமணச் சிலைகள். சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. ஜெர்மன் மொழியில், குழறலாக, பஸ்ஸைப் பற்றி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாண்டிச்செல்வி ஸ்ட்ராவை வாயில் வைக்க வைக்க மித்ரா அதைத் தட்டிவிட்டாள். ஒரு டப்பா பாறையில் கொட்டிக் கிடந்தது.

"இவ பேசறது எனக்கு வெளங்கலக்கா. நீங்க சொல்லுங்க."

"அவ பேச்ச விடுங்க. குடிக்க வைங்க. முழுங்குவா."

பாண்டிச்செல்வி இரண்டாவது டப்பாவைத் தானே ஒரு வாய் உறிஞ்சிக் காட்டினாள். "இந்தா பாரு, நான் குடிச்சிட்டேன். நீ குடிக்கல, மிச்சத்தையும் நானே குடிச்சிருவேன். கொரங்கு புடுங்கிட்டுப் போயிரும், வெரசா." என்னவோ, அந்தக் குரலுக்கு மித்ராவின் வாய் திறந்தது. உறிஞ்சினாள். நிறுத்தினாள். மறுபடி உறிஞ்சினாள். நான் அவள் நாக்குக்கடியில் குளுக்கோஸ் மாத்திரையை வைத்துவிட்டு, அவள் போனை அவள் மடியில் வைத்தேன். என் போனில் கோடு மறைந்து எண் வந்தது. 46.

அந்தக் கால் மணி நேரம் நாங்கள் இருவரும் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். 51 ஆயிற்று. 58 ஆயிற்று. 73 வந்தபோது மித்ரா தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"ஏன் இவ்ளோ லேட்டு? மேலன்னு சொன்னீங்கல்ல?" என்றாள், தமிழில்.

பாண்டிச்செல்வி சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. துண்டால் மூக்கைச் சிந்திவிட்டுக் காலை மடக்கிப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பாறைச் சூட்டில் சிவந்து, குதிகாலில் கொப்புளம் கிளம்பியிருந்தது. நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவள் குடிக்காமல் பாதத்தில் ஊற்றிக்கொண்டாள்.

அவள் போன் அடித்தது. முபீன். "கெடச்சுட்டா பாய். நல்லா இருக்கா. மலைக்கு மேல." கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆமா, தனியாத்தேன் அனுப்புனேன். சொன்னனே." மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "அத நான் எப்பிடிச் சொல்ல? அவுகட்டயே கேளுங்க." வைத்துவிட்டாள்.

"உங்களக் கூப்பிடுவாரு" என்றாள் என்னிடம்.

"எதுக்கு?"

"என்னைய முன்வண்டில வைக்கலாமா, வேணாமான்னு. கெஸ்ட்டு என்ன சொல்றாங்களோ அதுதேன்னு சொல்லிட்டாரு."

"நான் என்ன சொல்ல?"

"நடந்தத சொல்லுங்கக்கா. கூட்டியும் வேணாம், கொறச்சும் வேணாம்."

நடந்தது எது என்று யோசித்தேன். அனுப்பியவள் அவள். அதைக் கேட்டுக்கொண்டு நின்றவள் நான். சர்க்கரையைப் பற்றிக் காலையிலேயே சொல்லியிருக்க வேண்டியவளும் நான்தான். செருப்பில்லாமல் ஓடியவள் அவள். இன்னொரு நாள், இன்னொருவர் பிள்ளையை, நம்ம பக்கம்தானே என்கிற பாசத்தில் இப்படியே அனுப்பிவிட மாட்டாள் என்று நான் எப்படிச் சொல்வேன்? இனி அவளுக்கு முன்வண்டி வேண்டாம் என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்?

பக்கத்தில் பாறைமேல் வைத்திருந்த என் போன் அடிக்கத் தொடங்கியது. முபீன் என்று பெயர் வந்தது. பாண்டிச்செல்வி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழே குளத்தைப் பார்த்தாள். போன் அதிர்ந்து அதிர்ந்து சரிவில் மெல்ல நகர்ந்தது. மித்ரா எட்டி அதைப் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

"அம்மா, எடுங்க" என்றாள்.

அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.